தண்ணீர் இருக்கிறது, காற்று போகிறதா?

காரில் சூட்டு முள் ஏறினால் பானட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைத்தான் முதலில் பார்க்கிறோம். அளவு குறைந்திருந்தால் ஊற்றுகிறோம். குறையவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போகிறோம். அவர் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கிறார். எல்லாம் தண்ணீர் ஓடும் பாதையைச் சேர்ந்தவை, அல்லது மின்சாரத்தைச் சேர்ந்தவை. ரேடியேட்டரின் இன்னொரு பாதையான காற்று போகும் வழியை யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கார் சூடேறி வழியில் நிற்பதற்கு மிக மலிவான காரணமும், மிக எளிதில் தடுக்கக்கூடிய காரணமும் அந்த வழியில்தான் இருக்கின்றன: இலை, சருகு, பஞ்சு, பதர், பூச்சி.

கொஞ்சம் பழைய கார் ஒன்றின் ரேடியேட்டரைக் கழற்றும்போது ஒரு ரேடியேட்டர் பட்டறையில் நின்று பாருங்கள். முன்னால் ஏ.சி. கன்டன்சர், அதற்குப் பின்னால் ஒன்றிரண்டு அங்குல இடைவெளியில் ரேடியேட்டர். கன்டன்சரின் முகம் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். வாட்டர் சர்வீஸ் செய்யும்போதெல்லாம் அதில் தண்ணீர் பட்டிருக்கும். இரண்டையும் பிரித்ததும்தான் உண்மை தெரியும். ரேடியேட்டரின் முகத்தில் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருக்கும். விரலால் நெம்பினால் அட்டை போலப் பெயர்ந்து வரும். மேலே இலைக்காம்புகளும் சருகுத் துண்டுகளும். அதற்குக் கீழே பஞ்சும் ஈசல் இறக்கையும் நூலும். அடியில், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளோடு ஒட்டி, எண்ணெயும் தூசியும் குழைந்து இறுகிய பசை. அந்தக் காரின் உரிமையாளர் கூலன்டை ஒழுங்காக மாற்றியவராக இருக்கலாம். காற்று நுழைய வழியில்லாதபோது அந்தக் கூலன்ட் தன் சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

பதினைந்து இஸ்திரிப் பெட்டிகள்

ஒரு சிறிய கணக்கு போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 16 கி.மீ. ஓடும் பெட்ரோல் கார், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 5 லிட்டர் பெட்ரோல் எரியும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 33 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஆக, எஞ்சினுக்குள் ஏறத்தாழ 46 கிலோவாட் வீதத்தில் ஆற்றல் வெளிப்படுகிறது. இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடுகிறது. மிச்சமுள்ள பங்கு, சுமார் 15 கிலோவாட், கூலன்டில் ஏறுகிறது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினைந்தை ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் எவ்வளவு சூடு வருமோ அவ்வளவு சூட்டையும், பயணம் முடியும்வரை ஒரு நொடிகூட ஓயாமல், ரேடியேட்டர் காற்றில் கொட்டியாக வேண்டும்.

காற்று இந்த வேலைக்கு அவ்வளவு பொருத்தமான பொருள் அல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு சுமார் 3,500 லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கிவிடலாம். அதாவது, தண்ணீர் கொஞ்சமாக ஓடினாலே நிறைய வெப்பத்தைச் சுமந்துவிடும். காற்று மலையளவு ஓட வேண்டும். வெப்பத்தைக் கடத்தும் திறனிலும் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சிறந்தது. எனவே கூலன்டிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் சுலபமாகத் தாவிவிடுகிறது. உலோகத்திலிருந்து காற்றுக்குத் தாவும் இடத்தில்தான் அது தடுமாறுகிறது. ரேடியேட்டரின் வடிவம் முழுவதும் இந்தத் தடுமாற்றத்தைத் தீர்ப்பதற்காகவே உருவானது.

தொடக்ககாலக் கார்களில் இந்த ஏற்பாடு இல்லை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் எஞ்சினைச் சுற்றியிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகியே சூட்டைத் தணித்தது. 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கி.மீ.க்கு மேல் அந்த ரக வண்டியை ஓட்டிச் சென்றபோது, வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. இதற்கு ஒரு முடிவு கட்டியவர் வில்ஹெல்ம் மைபாக். 1901-இல் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடீஸ் காருக்கு அவர் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரில் 6 மி.மீ. அகலமுள்ள சதுரக் குழாய்கள் 8,070 இருந்தன. காற்று படும் பரப்பைப் பல மடங்காகப் பெருக்கியதால், காரில் சுமக்க வேண்டிய தண்ணீர் 9 லிட்டராகக் குறைந்தது. நவீனக் காரின் குளிர்விப்பு முறை அங்கே தொடங்குகிறது. துளை சிறுக்கச் சிறுக்கக் குப்பை சிக்கும் தொல்லையும் வளர்ந்தது.

இன்றைய ரேடியேட்டரில் அலுமினியக் குழாய்களுக்கு நடுவே வளைந்து வளைந்து செல்லும் தகடுகள் இருக்கின்றன. இவற்றைத்தான் ஃபின் என்கிறோம். ஒரு தகட்டின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே 1 முதல் 1.5 மி.மீ. இடைவெளி. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தகட்டிலும் வரிசையாகச் சாய்ந்த கீற்றுகள் வெட்டப்பட்டிருப்பது தெரியும். இவற்றுக்கு லூவர் என்று பெயர். காற்று ஒரு சமதளத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனால், தளத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கு கிட்டத்தட்ட அசையாமல் நின்றுவிடும். அசையாத காற்று வெப்பத்தை நகரவிடாது. லூவர்கள் அந்த அடுக்கை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் வெட்டிவிட்டு, புதுக் காற்றை உலோகத்தின்மேல் மோதவைக்கின்றன. ரேடியேட்டருக்குத் திறமை தருவது இந்தக் கீற்றுகள்தான். தூசியையும் பஞ்சையும் பிடித்து வைத்துக்கொள்வதும் இவையேதான்.

பாதிக் காற்று என்றால் என்ன ஆகும்?

மேலே பார்த்த 15 கிலோவாட்டைச் சுமக்க, நொடிக்கு அரைக் கிலோ காற்று ஓடினால் போதும் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 440 லிட்டர் காற்று. ரேடியேட்டரைக் கடக்கும்போது அந்தக் காற்றின் வெப்பநிலை 30 டிகிரி உயரும். அக்கினி நட்சத்திர வெயிலில் 40 டிகிரியில் உள்ளே நுழையும் காற்று 70 டிகிரியில் வெளியே வரும். கூலன்ட் 90 டிகிரியில் இருக்கிறது. கணக்கு சரியாக வருகிறது.

இப்போது சருகும் தூசியும் அடைத்து, காற்றின் அளவு பாதியாகிவிட்டது. அதே 15 கிலோவாட்டைச் சுமக்கக் காற்று 60 டிகிரி உயர வேண்டும். 40-இல் நுழைந்தால் 100-இல் வெளியேற வேண்டும். 90 டிகிரியில் இருக்கும் கூலன்ட், காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்க இயற்கை விதி இடம் கொடுக்காது. ஒரே வழி, கூலன்ட் தானும் நூறைத் தாண்டிச் சூடேறுவது. எந்த விலையுயர்ந்த கூலன்டை ஊற்றினாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

ஏ.சி. போட்டிருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம். கன்டன்சர் கொட்டும் சுமார் 5 கிலோவாட் வெப்பத்தால், அதே அரைக் கிலோ காற்று ரேடியேட்டரைத் தொடும் முன்பே 10 டிகிரி சூடேறிவிடுகிறது.

வடிவமைப்பாளர்கள் இதையெல்லாம் தெரிந்துதான் ரேடியேட்டரைத் தேவைக்கு மேல் பெரிதாக வைக்கிறார்கள். அந்த உபரியைத்தான் இலைகள் சிறுகச் சிறுகத் தின்கின்றன. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரேடியேட்டர் அடைபட அடைபட, தெர்மோஸ்டாட் வால்வு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறந்து கூலன்டைக் கூடுதலாக ஓடவிட்டு ஈடுகட்டுகிறது. அதனால் முள் நடுவிலேயே நிற்கிறது. பல கார்களில் முள்ளே கூட, வெப்பம் பத்து டிகிரி முன்பின் ஆனாலும் நகராதபடி அமைக்கப்பட்டிருக்கிறது. சில சிறிய கார்களில் முள்ளே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்துவிட்ட பிறகு ஈடுகட்ட எதுவும் மிச்சமில்லை. மாதக்கணக்கில் அமைதியாக இருந்த கார், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டாமல் கொதித்துவிடுவது இப்படித்தான். மலையேற்றத்தில் எஞ்சினின் உழைப்பு உச்சத்தில் இருக்கும். வேகம் குறைவு என்பதால் எதிர்க்காற்றின் உதவி இருக்காது.

எந்தப் பருவத்தில் எந்தக் குப்பை

பெரிய இலைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தேக்கு, ஆல், பாதாம் இலைகள் கிரில்லிலேயே தட்டி நின்றுவிடும். கண்ணுக்கும் தெரியும், கையாலும் எடுத்துவிடலாம். தொல்லை தருபவை சிறியவை. நம் ஊர்ச் சாலையோரங்களில் நிற்கும் மரங்களில் பல, சிறு சிறு இலைகளாக உதிர்ப்பவை: புளி, வேம்பு, தூங்குமூஞ்சி, குல்மொகர், சீமைக் கருவேலம். மாசி, பங்குனியில் வேம்பும் தூங்குமூஞ்சியும் கொட்டித் தீர்க்கும்போது மரத்தடியில் நிறுத்திய காரின் பானட் விளிம்பு வழியாகவும், வைப்பருக்குக் கீழேயுள்ள தட்டு வழியாகவும் இலைகள் உள்ளே இறங்கிவிடுகின்றன. அந்தத் தட்டில் மழைநீர் வடியும் துளை அடைபட்டால், தண்ணீர் ஏ.சி. புளோயர் வழியாகக் காருக்குள்ளேயே வந்துவிடும். அது தனித் தொல்லை.

கடலூர், விழுப்புரம் பக்கம் கிழக்குக் கடற்கரையில் சவுக்குத் தோப்புகளை ஒட்டி ஓடும் கார்களுக்கு வேறு எதிரி. சவுக்கு உதிர்க்கும் ஊசிக் கிளைகள் ஒரு மி.மீ. தடிமனுக்கும் குறைவானவை. ஃபின்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்திப் போய்க் குத்திக்கொண்டு நிற்கும். பிறகு வரும் தூசியும் பஞ்சும் அந்த ஊசிகளைப் பிடித்துக்கொண்டு படலமாக வளரும். கடற்கரைக் காற்றின் உப்பும் ஈரச் சருகும் சேர்ந்து இருந்தால் அலுமினியம் பொடிந்து உதிர்கிறது. அப்புறம் கழுவியும் பயனில்லை; மாற்றத்தான் வேண்டும்.

போடி பக்கத்து இலவ மரங்கள் வெடிக்கும் பருவத்தில் பஞ்சு பறக்கும். மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் ஹெட்லைட்டை நோக்கிப் பாயும் ஈசல் கூட்டம் கிரில்லைத் தாண்டிக் கன்டன்சரில் அப்பிக்கொள்ளும். சூடான உலோகத்தில் அதன் உடற்சாறு காய்ந்து இறுகினால், வெறும் தண்ணீரில் போகாது. டெல்டாவில் தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது பதரும் சண்டும் சாலை முழுவதும் மிதக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டி ஏறி மிதித்துப் போக விடுகிறார்கள். களத்துமேடு இல்லாத விவசாயிக்கு வேறு வழியில்லாமல் நடப்பது அது. ஆனால் அந்தத் தாள் காரின் அடியில் சுற்றிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. பெட்ரோல் காரின் சைலன்சர் பாதையில் இருக்கும் வினையூக்கிப் பெட்டிக்குள் வெப்பம் 400 முதல் 800 டிகிரி வரை இருக்கும். காய்ந்த தாள் பற்றிக்கொள்ள அதன் வெளித்தோலின் சூடே போதும். தாள் பரப்பிய இடத்தைத் தாண்டிய பிறகு, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, குனிந்து ஒருமுறை அடியைப் பார்த்துவிடுவது நல்லது.

இந்த ஆபத்துக்குப் பேர்போன இடம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைநிலம். அங்கே ஸ்பினிஃபெக்ஸ் என்ற பிசின் நிறைந்த புல் ஆளுயரம் வரை வளரும். பாதை இல்லாத வழிகளில் போகும் ஜீப்புகளின் ரேடியேட்டரை அதன் விதைகள் அடைத்துவிடும். அடியில் திணிந்த புல், சைலன்சர் சூட்டில் பற்றி வண்டியையே எரித்துவிடும். அதனால் அந்தப் பயணிகள் கிரில்லுக்கு முன்னால் விதைவலை கட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். வழியில் அடிக்கடி நிறுத்தி அடியில் புல்லை உருவிப் போடுகிறார்கள்.

இலை ஏன் விழாமல் நிற்கிறது?

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்கிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில், 5 சதுர செ.மீ. பரப்புள்ள ஒரு வேப்பிலையை எதிர்க்காற்று அதிகபட்சம் 2 கிராம் எடை அளவுக்கு அழுத்தும். மணிக்கு 100 கி.மீ. போனால் அதே அழுத்தம் 22 கிராம் எடைக்கு உயர்ந்துவிடும். காய்ந்த வேப்பிலையின் எடையோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நெடுஞ்சாலையில் ஓடும்வரை அது ஆணி அடித்தது போல ஒட்டியிருக்கும். வண்டி நின்றாலும் ஃபேன் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எஞ்சினை அணைத்த பிறகுதான் காய்ந்த இலை நழுவிக் கீழே விழும். விழுந்து வெளியே போகாது. ரேடியேட்டரைத் தாங்கும் அடித்தட்டில் சேரும். அதனால் கீழ்வரிசைகள் முதலில் அடைபடுகின்றன. அந்தப் பகுதியோ பம்பருக்குப் பின்னால் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது.

கன்டன்சரின் ஃபின்களை ஊடுருவி ஒரு முழு இலை பின்னால் போக முடியாது. பஞ்சும் பதர்த்தூளும் போகும். இலைகள் மேல்விளிம்பு வழியாகவும் பக்கவாட்டு இடுக்குகள் வழியாகவும் இறங்குகின்றன. அந்த இடுக்குகளை மூடுவதற்காகப் புதுக் காரில் ஸ்பாஞ்சுப் பட்டைகளும் ரப்பர் தடுப்புகளும் வைத்தே அனுப்புகிறார்கள். முன்பக்கம் ஒருமுறை இடித்துப் பழுது பார்த்த காரில் அவை பெரும்பாலும் திரும்பப் பொருத்தப்படுவதில்லை. நூறு, இருநூறு ரூபாய்ப் பட்டை அலட்சியமாக வீசப்படுகிறது. அது போனால் இலை நுழைவது மட்டுமல்ல, எஞ்சின் பக்கத்துச் சூடான காற்று சுற்றி வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே புகுந்துவிடும்.

வலை போடலாமா?

போடலாம், ஆனால் கணக்குத் தெரிந்து போட வேண்டும். பலர் வீட்டு ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையை வெட்டிக் கிரில்லுக்குப் பின்னால் கட்டுகிறார்கள். கொசுவலையின் நூல் தடிமன் 0.28 மி.மீ., கண் அகலம் 1.12 மி.மீ. என்று கொண்டால், அதன் மொத்தப் பரப்பில் 64 சதவீதம்தான் திறந்திருக்கிறது. ஒரு இலைகூடச் சிக்கும் முன்பே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியை அடைத்துவிட்டோம். மழையில் நனைந்தால் கண்களில் நீர்ப்படலம் நின்று மீதியையும் மூடும். கண் அகலம் 5.2 மி.மீ., கம்பித் தடிமன் 0.8 மி.மீ. உள்ள துருப்பிடிக்காத எஃகு வலை என்றால் 75 சதவீதம் திறந்திருக்கும். வேப்பிலையையும் பெரிய பூச்சிகளையும் அது நிறுத்தும். பஞ்சையும் தூசியையும் விட்டுவிடும். எல்லாவற்றையும் நிறுத்தும் வலை காற்றையும் நிறுத்திவிடும்.

வலையை எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். ரேடியேட்டர் மேலோ கன்டன்சர் மேலோ ஒட்டிக் கட்டினால், வலையில் சிக்கிய இலை அதற்கு நேர் பின்னாலுள்ள ஃபின்களையும் சேர்த்து மூடுகிறது. சில அங்குலம் முன்னால், பம்பர் திறப்பில் கட்டினால், இலை மூடிய இடத்தைச் சுற்றிக்கொண்டு காற்று பின்னால் பரவிவிட முடியும். சிக்கியது கண்ணுக்குத் தெரியும், கையால் துடைத்துவிடலாம். வலை கட்டியவர் அதைத் தவறாமல் துடைக்க வேண்டும். துடைக்க முடியாதவர் கட்டாமல் இருப்பதே மேல்.

இந்த விஷயத்தில் நெல் அறுக்கும் இயந்திரங்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. நாள் முழுக்கப் பதர் மேகத்துக்குள்ளேயே நிற்கும் இயந்திரம் அது. பெரிய அறுவடை இயந்திரங்களில் ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லச் சுழலும் சல்லடை ஒன்று இருக்கும். அதன் பரப்பைப் பெரிதாக வைப்பதால் காற்று அதன் வழியே மெதுவாக நுழைகிறது. வேகம் மூன்றில் ஒன்றானால், பதரைப் பிடித்து வைக்கும் அழுத்தம் ஒன்பதில் ஒன்றாகிவிடுகிறது. சல்லடையின் ஒரு பகுதியை உட்புறமாக மறைத்து, அங்கே உறிஞ்சல் இல்லாமல் செய்துவிடுகிறார்கள். சுழன்று அந்த இடத்துக்கு வந்ததும் பதர் தானாக உதிர்ந்துவிடும். சில டிராக்டர்களிலும் மண் அள்ளும் இயந்திரங்களிலும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்றை எதிர்த்திசையில் ஊதிக் குப்பையை வெளியே தள்ளும் ஃபேன்களும் உண்டு. காருக்கு இவை கிடைப்பதில்லை. ஆனால் இவற்றின் பின்னுள்ள பாடம் காருக்கும் பொருந்தும்: குப்பையை எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் நிறுத்து, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பு.

சுத்தம் செய்வது எப்படி?

முதலில் எஞ்சின் முழுக்க ஆற வேண்டும். மின்விசிறி சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுழலக்கூடும் என்பதால் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். ரேடியேட்டரின் பின்பக்கம், எஞ்சின் பக்கமிருந்து, ஒரு டார்ச்சை அடித்து முன்பக்கம் இருந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சீராக வந்தால் வழி திறந்திருக்கிறது. இருட்டாகத் தெரியும் இடமெல்லாம் அடைப்பு.

கழுவும் திசை பின்னிருந்து முன்னோக்கி இருக்க வேண்டும். காற்று வந்த திசையிலேயே அடித்தால் குப்பை இன்னும் ஆழமாகத் திணியும். தோட்டத்துக் குழாயின் மிதமான நீர் போதும். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் உயர் அழுத்தப் பீய்ச்சலை அருகில் பிடித்தால் 0.1 மி.மீ. தகடுகள் மடிந்து, இலை செய்ததைவிட அதிகமாக நாமே அடைத்துவிடுவோம். கம்ப்ரசர் காற்று அடிப்பதானாலும் தள்ளி நின்று, ஃபின்னுக்கு நேராக அடிக்க வேண்டும். சாய்த்து அடிக்கக் கூடாது. பூச்சிக் கறை இருந்தால் லேசான சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் ஃபின் ஓடும் திசையிலேயே தேய்க்கலாம். டீசலும் மண்ணெண்ணெயும் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பளபளப்பு வரும், மிஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கு அடுத்த வாரத்துத் தூசியை இரட்டிப்பாக இழுக்கும்.

கன்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கைச் சுத்தம் செய்வதுதான் முழுமையான வேலை. பல கார்களில் மேல்பக்க போல்ட்டுகளைக் கழற்றினால் ரேடியேட்டர் ஓரிரு அங்குலம் பின்னால் சாயும். அந்த இடைவெளியில் நீர் பாய்ச்சலாம். ஏ.சி. குழாயை இழுத்துவிட்டால் கேஸ் கசியும் என்பதால் இதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

அடைப்பு இருக்கிறதா என்பதைக் கார் முன்கூட்டியே சொல்லும். கன்டன்சர் முன்னால் இருப்பதால் முதலில் ஏ.சி.யின் குளிர்ச்சி குறையும். ஃபேன் முன்பைவிட அதிக நேரம் சுழலும். சிக்னலில் நின்றால் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேனில் கோளாறு என்று பொருள். ஓடும்போதும் மேடு ஏறும்போதும் சூடேறினால் ரேடியேட்டர் உள்ளேயோ வெளியேயோ அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

மீறிக் கொதித்துவிட்டால், ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். மூடி போட்ட ரேடியேட்டருக்குள் கூடுதல் அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விழும். ஒவ்வொரு லிட்டர் தண்ணீரிலிருந்தும் சுமார் 60 லிட்டர் நீராவி ஒரே பாய்ச்சலில் வெளியே வரும். முகமும் கையும் வெந்துபோவது இதனால்தான். சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரு மடங்கு விரிந்து சுருங்கும் உலோகம். சிலிண்டர் ஹெட் அலுமினியமாகவும் அடியிலுள்ள பிளாக் வார்ப்பிரும்பாகவும் இருக்கும் எஞ்சினில், அந்த வேறுபாட்டால் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும், பிறகு எஞ்சினையே இறக்க வேண்டிவரும்.

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கும் விலக்கு இல்லை. அதில் எஞ்சின் சூடு இல்லை. ஆனால் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் குளிர்விப்பு வேண்டும். வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது கார் நிற்கிறது, எதிர்க்காற்று கிடையாது. முன்னாலுள்ள கன்டன்சரும் ஃபேனும்தான் பேட்டரியைக் காக்கின்றன. அவை அடைபட்டால் பேட்டரியைக் காப்பாற்ற சார்ஜ் வேகத்தைக் கார் தானே குறைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் சார்ஜ் ஏற நேரமாகிறது என்பவர்கள் கிரில்லுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்க்கட்டும்.

வாடகைக் கார் ஓட்டுபவருக்கு ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போயிற்று. குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு இரவில் போகிறவருக்கு நடுவழியில் நிற்பது அதைவிடப் பெரிய இழப்பு. இரண்டையும் தடுக்க வருடத்தில் மூன்று முறை நேரம் ஒதுக்கினால் போதும்: டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்ததும் ஒருமுறை, பங்குனி இலையுதிர்வுக்குப் பிறகு கத்திரி வெயிலுக்கு முன் ஒருமுறை, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை. சர்வீஸுக்கு விடும்போது வேலைச் சீட்டில் இரண்டு வரியை நீங்களே எழுதச் சொல்லுங்கள்: ரேடியேட்டரைச் சாய்த்து நடு இடுக்கைக் கழுவ வேண்டும், பக்கத்து ஸ்பாஞ்சுப் பட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் போட வேண்டும். ஒரு மணி நேரக் கூலிதான் ஆகும். ஹெட்டை இறக்கிச் சமப்படுத்தி, கேஸ்கெட் மாற்றும் செலவு அதைப் போலப் பல மடங்கு.